மினி பஸ்ஸை நிறுத்திய கை

நாற்பது வயதுக்கு மேல்தான் நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுத் தந்தவள் என் நாத்தனார். சாத்தான்குளத்தில் பள்ளிக்கூடத்துக்கே சைக்கிளில் போய் வந்தவள் அவள். என் இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டை இறக்கி வைத்து, முதல் சில நாட்கள் தெருவுக்குள்ளேயே பிரேக் பிடிக்கப் பழக்கினாள்.

உப்பு லாரிகள் அதிகம் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைச் சாலைக்கு வந்தோம். முன்னால் நான் ஓட்ட, பின்னால் அவள் சைக்கிளில் வந்தாள்.

வலது பக்கம் ஒரு தெரு வந்ததும், "மதினி, திரும்புததுக்கு முந்தி பின்னால பாருங்க. பெறவு கையக் காட்டுங்க" என்றாள்.

பார்த்தேன். ஒற்றைக் கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டினேன். எதிரே வந்த மினி பஸ் நின்றுவிட்டது. பதற்றத்தில் நானும் காலை ஊன்றி நின்றேன்.

டிரைவர் தலையை நீட்டி, "ஏறுங்கக்கா. சைக்கிள மேல போட்டுருவோமா?" என்றார்.

"ஏறல அண்ணாச்சி, திரும்புதேன்!"

"அப்ப திரும்புங்க, நிக்கேன்."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். முகம் சூடாகிவிட்டது. பெடலை மிதித்து, ஆடி ஆடித் திரும்பினேன். "பாத்துப் போ, ஏளா!" என்று ஜன்னலோரத்தில் ஓர் அம்மாள் கத்தினாள். கண்டக்டர் விசில் அடித்தார்.

நாத்தனார் சைக்கிளை விட்டிறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து முடியும்வரை காத்திருந்துவிட்டு, அதே தெருவுக்குள் இன்னொரு தடவை கை காட்டித் திரும்பலாம் என்று சாலைக்கு வண்டியைத் தள்ளினேன்.