ஜப்பான் சுப்பையா பூசை செய்த அலமாரி

பினாங்கில் சுப்பையா என்று கேட்டால் எந்தச் சுப்பையா என்பார்கள். ஜப்பான் சுப்பையா என்றால் உடனே சிந்திரா தெருப் பக்கம் கையைக் காட்டுவார்கள். அவர் ஜப்பானைப் பார்த்தவரல்ல. கப்பலேறியதே வாழ்நாளில் ஒரு தடவை. அதுவும் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு, தாயின் மடியில், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு.

பட்டப்பெயர் வந்த கதை வேறு. ருஷ்யாக்காரன் கப்பல்களை ஜப்பான்காரன் கடலில் மூழ்கடித்துவிட்டான் என்ற செய்தி பினாங்குத் துறைமுகத்துக்கு வந்தபோது சுப்பையா அங்கே மூட்டை தூக்கும் வாலிபர். நம் நிறத்துக்காரன் ஒருவன் வெள்ளைக்காரனை அடித்துவிட்டான் என்று கேட்டதும் சந்தோஷம் தாங்காமல் முதுகிலிருந்த பெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். பெட்டியில் இருந்தது கண்ணாடிச் சாமான். அன்றைக்கே வேலை போயிற்று. ஜப்பானுக்காக வேலையை இழந்த ஒரே தமிழன் என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். சுப்பையா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜப்பான் ஜெயித்ததற்கு அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. மற்ற நாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரு சாமி, ஒரு ராஜா என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் ராஜாவையே சாமியாக்கிவிட்டான். செலவும் மிச்சம், சண்டையும் இல்லை. இதை அவர் நகராண்மைக் கழகத்தில் தெருக் கூட்டிய காலத்திலும், தண்ணீர் வண்டி ஓட்டிய காலத்திலும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லி வந்தார்.

எனவே, ஊரிலிருந்த ஜப்பானியர்களின் சங்க வீட்டுக்குக் காவலாள் வேண்டும் என்று தெரிந்தபோது அவரைத் தவிர வேறு யார் போவார்கள்? முப்பதுகளின் தொடக்கம் அது. சுப்பையாவுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பல் வைத்தியர், போட்டோ பிடிப்பவர், துணிக்கடைக்காரர், ஹோட்டல்காரர் என்று அந்தப் பக்கத்து ஜப்பானியர்கள் சேர்ந்து நடத்திய சங்கம். கீழே கூடம். அங்கே அவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்தது. மாடியில் வாத்தியார் ஒகுடா தனியாகக் குடியிருந்தார்.

பினாங்கில் பிறந்த அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் ஹொக்கியன் சீனத்திலும் மலாயிலும்தான் சண்டை போட்டுக்கொண்டார்கள். அவர்களை ஜப்பானியர்களாக்குவது வாத்தியாரின் வேலை. பனி விழுவதைப் பற்றிப் பாடம் நடத்துவார். பிள்ளைகள் வேர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்பார்கள்.

வேலையில் சேர்ந்த அன்று வாத்தியார் சுப்பையாவைக் கூடத்தின் கோடிக்கு அழைத்துப்போய்ச் சுவரோடு சேர்ந்த ஒரு மர அலமாரியைக் காட்டினார். உள்ளே இருப்பது எங்கள் சாமி என்றார்: பேரரசரின் படம். அதற்கு முன்னால் ஊதாத் திரை. வருடத்தில் சில திருநாட்களில் மட்டும் வாத்தியார் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு திறப்பார். அப்போது எல்லாரும் இடுப்பு வளையக் குனிவார்கள். நிமிர்ந்து பார்ப்பது மரியாதையில்லை. ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடம் தீப்பற்றி இந்தப் படம் எரிந்துபோனதையும், அதற்காகத் தலைமை ஆசிரியர் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்ததையும் சொன்னார். இருவரும் பேசிக்கொண்டது கடைத்தெரு மலாயான பசார் மலாய். துவான் என்ற ஐயாவை மட்டும் விட்டுவிட்டு அதை நான் தமிழில் தருகிறேன்.

"அதுதான் நியாயம்" என்றார் வாத்தியார்.

"நியாயம்தான் துவான்" என்றார் சுப்பையா. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் ஒரு விஷயம் அவர் மனத்தை அறுத்தது. இவ்வளவு பெரிய சாமிக்குப் பூசை இல்லை, விளக்கு இல்லை, ஒரு பூவுக்கும் வழியில்லை. வருடம் முழுக்கச் சாமி பட்டினி. பொறுக்க முடியாமல் வெள்ளிக்கிழமைகளில், பிள்ளைகள் போன பிறகு, சௌரஸ்தா பசாரில் வாங்கிய பூவைத் தண்ணீர் சொட்டச் சொட்ட அலமாரியின் உச்சியில் வைத்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மரத்தின் இடுக்கில் கற்கண்டு வைத்தார். மறுவாரம் கற்கண்டு காணாமல் போயிருந்ததைப் பார்த்துக் கண் கலங்கிப்போனார். பினாங்கில் எறும்பு உண்டு என்பது அவருக்குத் தெரியாததல்ல. பக்தி வந்தால் சில விஷயங்கள் தெரியாமல் போகும்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. சித்திரை மாதத்தில் பேரரசரின் பிறந்தநாள் வந்தது. விழாவுக்குச் சில நாள் முன்பு வாத்தியார் கையுறையோடு அலமாரியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். பின்னால் விளக்குமாற்றோடு நின்ற சுப்பையாவும் பார்த்துவிட்டார். ஈரத்தில் ஊறிய மரத்துக்குள் கறையான் புகுந்து மண் வைத்திருந்தது. சட்டம் இருந்தது, கண்ணாடி இருந்தது. பேரரசர் இருந்த இடத்தில் செம்மண்ணும் பொடிக் காகிதமும் இருந்தன.

வாத்தியார் கதவை மூடிவிட்டு மாடிக்குப் போனார். வேறு படம் வேண்டுமென்றால் இந்தப் படம் என்ன ஆயிற்று என்று எழுத வேண்டும். எழுதினால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அவரே முன்பு சொல்லியிருக்கிறார்.

அந்த வீட்டு ஜப்பானியர்களில் "சாப்பிட்டாயா?" என்று சுப்பையாவைக் கேட்கும் ஒரே மனிதர் ஒகுடா. அந்த மனிதரின் உயிர் தம்முடைய மஞ்சள் தண்ணீரால் போகப் போகிறது. அழுகையாக வந்தது. அழுதுகொண்டே வீட்டிலிருந்த கத்திகளையெல்லாம் பொறுக்கினார். சமையல் கத்தி, பென்சில் சீவும் பேனாக்கத்தி, சவரக்கத்தி, கத்தரிக்கோல், தேங்காய் துருவி எல்லாவற்றையும் துண்டில் மூட்டையாகக் கட்டித் தம் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தார்.

நல்லம்மாள் மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள்.

"என்னங்க, சலூன் வைக்கப் போறீங்களா?"

"வாயை மூடு. ஒரு உசுரு இதுல இருக்கு."

"தேங்கா துருவிலயா?" என்று கேட்டுவிட்டு அவள் அப்பம் சுடப் போய்விட்டாள்.

அன்று முதல் சுப்பையா வாத்தியாரை நிழலாகத் தொடர்ந்தார். பப்பாளிப் பழத்தைக் கையால் பிய்த்துத் தட்டில் வைத்தார். மரத்திலிருந்து விழுந்து நசுங்கியதைப் போலிருந்த அதை வாத்தியார் மறுபேச்சில்லாமல் தின்றார். முகத்தில் தாடி வளர்ந்தது. பிறந்தநாளுக்காக விரதம் என்று ஊர் ஜப்பானியர்கள் எடுத்துக்கொண்டு மெச்சினார்கள். எதிர்வீட்டில் பல் வைத்தியர் இருந்ததுதான் சுப்பையாவுக்குப் பெரிய கவலை. அங்கே கூர்மையான சாமான்களுக்குப் பஞ்சமே இல்லை.

விழாவுக்கு முந்திய நாள் காலை வாத்தியார் கீழே இறங்கி வந்தார்.

"சுப்பையா, பீசாவ் எங்கே?"

பீசாவ் என்றால் கத்தி. சுப்பையா வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டார்.

"இல்ல துவான். வீட்டுல ஒரு கத்தி கூட இல்ல."

"ஏன்?"

சுப்பையா உடைந்துபோனார். பூவையும் மஞ்சள் தண்ணீரையும் கற்கண்டையும் ஒன்று விடாமல் சொன்னார். "சாகறதா இருந்தா நாந்தான் சாகணும் துவான். ஆனா எனக்குப் பொண்டாட்டி இருக்கா" என்றும் சொன்னார்.

"நீ ஏன் பூசை செய்தாய்?"

"சாமின்னு நீங்கதானே சொன்னீங்க. சாமியப் பட்டினி போடலாமா?"

"இந்த ஊரில் அதை நிஜமாகவே நம்பியவன் நீ ஒருவன்தான்" என்றார் வாத்தியார். கோபமாகச் சொன்னாரா, இல்லையா என்று சுப்பையாவுக்குப் புரியவில்லை.

"வெறும் சட்டத்தையே வச்சிருங்க துவான். எங்க ஊருல சிதம்பரம்னு ஒரு கோயில். அங்க ஒரு இடத்துல திரையை விலக்கினா ஒண்ணுமே இருக்காது. ஆகாசம்தான். அதைத்தான் கும்பிடுறோம். ஒண்ணும் கெட்டுப் போகலையே."

வாத்தியார் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "எங்கள் ஆட்களும் குனிவார்கள். திரையை மூடும்வரை யாரும் நிமிரப்போவதில்லை. ஆனால் திறக்கிறவன் பார்க்க வேண்டுமே. வெறும் சட்டத்தைப் பார்த்து என்னால் குனிய முடியாது."

"பேப்பர்ல உங்க ராஜா படம் வருதே. அதை வெட்டி..."

"அவர் படத்தில் கத்தி வைப்பதா?" என்றார் வாத்தியார். "வேறொன்றை வெட்டத்தான் கேட்டேன். கொண்டு வா. நீ பக்கத்திலேயே இரு."

சுப்பையா ஓடிப்போய்ப் பேனாக்கத்தியை மட்டும் கொண்டு வந்தார். வாத்தியார் மாடியிலிருந்து தடித்த அட்டையில் ஒட்டிய ஒரு போட்டோவை எடுத்து வந்தார். ஒரு கிழவி. மீன் கூடை தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப்போனவள். போட்டோ பிடிக்கிறவன்மேல் நம்பிக்கையில்லாத முகம். அட்டையின் ஓரங்களை வாத்தியார் மெதுவாக, சட்டத்தின் அளவுக்கு வெட்டினார். சுப்பையா அவருடைய மணிக்கட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இது யாரு துவான்?"

"எங்கள் அம்மா. போன வருடம் இதே மாதம் செத்துப்போனாள். படுத்திருக்கிறாள், வா என்று தந்தி வந்தது. பிறந்தநாள் விழா இருந்ததால் நான் போகவில்லை. கப்பலேறாதவன் அழக்கூடாது என்று அழவுமில்லை."

மறுநாள் கூடம் நிறைந்தது. எல்லாரும் கறுப்புக் கோட்டில் வேர்த்து ஒழுகினார்கள். பாட்டு முடிந்தது. வாத்தியார் வெள்ளைக் கையுறையோடு கதவைத் திறந்து திரையை விலக்கினார். துணிக்கடைக்காரரும் ஹோட்டல்காரரும் போட்டோ பிடிப்பவரும், மூக்கை உறிஞ்சாமல் அடக்கிக்கொண்டிருந்த பிள்ளைகளும் ஒன்றாகக் குனிந்தார்கள். மீன் கூடைக்காரி அவர்களைச் சந்தேகமாகப் பார்த்தாள். வாத்தியாரும் குனிந்தார். திரையை மூடும் நேரம் வந்தும் அவர் நிமிரவில்லை; மற்றவர்களும் குனிந்தபடியே இருந்தார்கள். முதுகு குலுங்கியது. பிறகு கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி, வெட்கமில்லாமல், சின்னப் பிள்ளையைப் போல அழுதார்.

விழா முடிந்து வெளியே வந்த பல் வைத்தியரின் கண்களும் கலங்கியிருந்தன. அவர் வாசலில் நின்ற சுப்பையாவின் தோளில் கை வைத்தார்.

"பார்த்தாயா சுப்பையா? இதுதான் ஜப்பான்."

"ஆமா துவான்" என்றார் சுப்பையா.