அங்கம்மா கட்டிய ஈக்கள்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் 1953இல் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சாத்தான்குளத்தை அடுத்த எங்கள் ஊரில் முதல் பி.ஏ. நான்தான். அந்தப் பெருமையை மடிப்புக் கலையாத சட்டை மாதிரி போட்டுக்கொண்டுதான் முதல் நாள் வேலைக்குப் போனேன். புழுக்கம் தாங்காமல் உள் அறையில் மின்விசிறியைத் தட்டிவிட்டேன். பதினான்கு பெண்கள் ஒரே நேரத்தில் மேஜைமேல் கவிழ்ந்தார்கள். அறை முழுக்கச் சேவல் இறகு பறந்தது.

ஒருவர் எழுந்து வந்து சுவிட்சை அணைத்தார்.

"இன்னா சார், காத்து வாங்கத்தான் பி.ஏ. படிச்சியா? காலைலேர்ந்து தரம் பிரிச்சு வெச்சது அத்தினியும் போச்சு. குந்திப் பொறுக்கு."

பொறுக்கினேன். அவர்தான் அங்கம்மா. திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர். புருஷன் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர்.

அந்தப் பெண்கள் கட்டியது தூண்டில் ஈ. சீமை ஆறுகளிலும் ஊட்டி ஓடைகளிலும் டிரவுட் என்று ஒரு மீன் உண்டு. தண்ணீர்மேல் மிதந்து வரும் பூச்சியை எழும்பி வந்து தின்னும். அதையும் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் தின்னும். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் திரும்பிப் போய்விடும். அதை ஏமாற்றத்தான் இந்த ஈ. அரிசி அளவுக் கொக்கியில் பட்டு நூலைச் சுற்றி, சேவலின் கழுத்து இறகை வட்டமாக நிறுத்திக் கட்டுவார்கள். இறகின் முனைகள் கால்களாகத் தாங்க, ஈ தண்ணீரில் அமிழாமல் நிற்க வேண்டும்.

"அந்த மீனைப் பார்க்காமலே எப்படிக் கட்டுறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எண்ணூர் ஆத்துல மடவை பாத்துகிறியா? மேலாக்க வரும், வாயத் தொறக்கும், மொறைச்சிகினே திரும்பிப் பூடும். சீர்த்தட்டுல கொறை தேடுற நாத்தனா கணக்கா. எந்த ஊரு மீனா இருந்தா இன்னா, அது கீழேர்ந்துதானே பாக்குது? அதுக்குத் தெரியறது ஈயோட காலு. முதுகு இல்ல. காலு தண்ணியக் குத்திகினு நின்னா தின்னும். படுத்துகினா தின்னாது. நூலு இழுத்துகினு போனாலும் தின்னாது. தண்ணி போற போக்குல வுடணும்."

அவர் மேஜையில் ஓர் எனாமல் கிண்ணம் இருக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கட்டிய ஒவ்வோர் ஈயையும் சாண் உயரத்திலிருந்து அதில் போட்டுப் பார்ப்பார். சாய்ந்தால் பிரித்து மறுபடி கட்டுவார். தேறியதன் கழுத்தில் கடைசிச் சுற்று சிவப்பு நூல். அது அவர் அடையாளம்.

மானேஜர் தேவப்பிரியம் எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். எனக்கு வேலை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். ஒரு பெட்டியில் இரண்டு மடங்கு ஈயை அடைக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கடிதம் நகலெடுக்கும் இரும்பு பிரஸ் ஒன்று ஆபீஸில் சும்மா கிடந்தது. ஈக்களைக் காகிதத்துக்கு நடுவே பரப்பி, அதில் வைத்து இறுக்கி, அப்பளமாக்கி அனுப்பச் சொன்னார். மீன் தின்ன வேண்டிய பண்டத்தைத் தபால்தலை மாதிரி ஒட்டி அனுப்பிய மகாபுத்திசாலி.

"சார், காலு படுத்துக்கிது" என்றார் அங்கம்மா.

"நீ கட்டுறதோட நிறுத்திக்க. பெட்டிக்குள்ள எம்புட்டுக் கொள்ளும்னு எனக்குத் தெரியும்."

எட்டு மாதம் கழித்து, சரக்கு வாங்குகிறவர்களின் ஆளாக ஹார்கிரீவ்ஸ் என்ற வெள்ளைக்காரர் திரும்பிவந்த பெட்டியோடு நேரில் வந்தார். எறிந்த உடனே ஈ மூழ்குகிறது, மீன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்றார். மானேஜர் ஓர் ஈயை வெளிச்சத்தில் பிடித்துச் சிவப்பு நூலைக் காட்டினார். கட்டியவளின் குற்றம், இன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்று இங்கிலீஷில் சொன்னார். பிறகு அங்கம்மாவைக் கூப்பிட்டார். "உன் சரக்கெல்லாம் முங்குதாம். நாளையிலேருந்து வர வேண்டாம்."

அங்கம்மா என்னைப் பார்த்தார். "வெள்ளக்காரரை ஒரு நிமிட் குந்தச் சொல்லு."

மூலையில் டீத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து நசுங்கிய ஓர் ஈயைச் சாமணத்தில் எடுத்துக் கெட்டில் மூக்கில் வந்த ஆவியில் காட்டினார். ஒட்டிக் கிடந்த இறகு முனைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஆறவிட்டுக் கிண்ணத்தில் போட்டார். நின்றது. இரண்டாவதைக் காட்டினார், போட்டார். நின்றது. மூன்றாவதை ஆவி காட்டாமல் அப்படியே போட்டார். மூழ்கியது. ஹார்கிரீவ்ஸ் நாற்காலியை விட்டு எழுந்து கிண்ணத்தின்மேல் குனிந்தார்.

"பிரஸ்ஸுல வெச்சு நசுக்கினா எவன் காலு நிக்கும்? இத அப்படியே சொல்லு, பி.ஏ. பாதிய முழுங்கிடாத."

"தம்பி, யோசிச்சுப் பேசும்" என்றார் மானேஜர்.

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அந்தக் கம்பெனியில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான். ஹார்கிரீவ்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். குறையைக் கண்டுபிடித்ததற்கு நன்றி என்று கையை நீட்டிக் குலுக்கினார். மானேஜரின் கையை. அங்கம்மா இரண்டடி தள்ளி, சாமணத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

மறுவாரம் பிரஸ் வெளியேறியது. சின்னச் சின்னத் தகரப் பெட்டிகள் வந்தன. 'ஈ நசுங்கியிருந்தால் கெட்டில் ஆவியில் காட்டவும்' என்று பெட்டிக்குள் வைக்க ஒரு துண்டுச் சீட்டை இங்கிலீஷில் எழுதச் சொன்னார் மானேஜர். கீழே கம்பெனி பெயர். அதற்கடுத்து ஒரு கடிதத்தை டைப் அடிக்கச் சொன்னார். வெளியார் முன்னிலையில் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதால் அங்கம்மாவை வேலையிலிருந்து நீக்குவதாக.

"அவங்க மேல என்ன தப்பு சார்?"

"தப்பு ஒண்ணும் இல்ல வே. வெள்ளைக்காரன் முன்னால என்னைய நசுக்கிட்டா. உம்மையும் சேத்து அனுப்பியிருப்பேன், ஊர்க்காரப் பிள்ளையாப் போயிட்டீரு. அடியும்."

அடித்தேன். மூன்று வருஷம் ஆகியும் ஆறாத கோபத்தில் பாதி அவர்மேல். மீதியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. என் பட்டம் அன்று எனக்குக் கொடுத்தது பிழையில்லாமல் டைப் அடிக்கும் விரல்களை மட்டும்தான்.

கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார் அங்கம்மா. காட்டினேன்.

"ஆரு அடிச்சது?"

"நான்தான்."

"சுத்தமா கீது" என்றார். கிண்ணத்துத் தண்ணீரை ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டு, அதைப் புடவைத் தலைப்பால் துடைத்து இடுக்கிக்கொண்டு போனார். மற்ற பதிமூன்று பெண்களில் ஒருவரும் நிமிரவில்லை.

அந்தத் துண்டுச் சீட்டு இன்னும் எல்லாப் பெட்டியிலும் போகிறது. அங்கம்மா திருவொற்றியூர் மார்க்கெட் வாசலில் மடவை விற்கிறார். என்னைக் கண்டால் பேசுவதில்லை.