சாகுல் பாய் படகில் ஒரு தண்ணீர் அதிகாரி

ஞாயிறு காலை தோசைக்கல் அடுப்பில் இருந்தபோதுதான் சாகுல் பாயின் மனைவி மும்தாஜ் அக்காவின் போன் வந்தது. "பாய் போய்ட்டாங்கம்மா. தூக்கத்துலயே" என்றார். ஹூஸ்டன் பக்கம் நாங்கள் இருக்கும் சுகர் லேண்டிலிருந்து பேர்லேண்டில் உள்ள அவர்கள் வீட்டுக்கு அரை மணி நேரம். வழி முழுக்க நானும் என் கணவரும் சாகுல் பாய் அடித்த கூத்துகளைத்தான் பேசினோம். அழுதுகொண்டே சிரித்தோம்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கீழக்கரைக்காரர். ஹூஸ்டனில் எண்ணெய் கம்பெனி இன்ஜினியர். என் கணவரோடு வேலை பார்த்தவர். பாய்மரப் படகு ஓட்டுவதற்கு முறையாகப் படித்து லைசென்ஸ் வாங்கியிருந்தார். கோடை வந்தால் கிரீஸில் ஒரு படகை வாடகைக்கு எடுத்து மத்தியதரைக் கடல் தீவுகளைச் சுற்றுவார். தனியாகப் போகமாட்டார். யார் வீட்டுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்திருக்கிறார்களோ, அந்த வீட்டையே கூட்டிக்கொண்டு போவார். படகில் ஏறும் எவருக்கும் ஒரு வேலை உண்டு. "சும்மா ஒக்காந்தா வாந்திதான் வரும்" என்பார்.

2006 கோடையில் எங்கள் முறை. அம்மா இறந்தபின் அப்பாவை ஆறு மாதம் எங்களோடு இருக்க வரவழைத்திருந்தேன். கார் ஓட்டத் தெரியாதவர் சுகர் லேண்டில் எங்கே போவார்? பாத்திரம் கழுவ வந்தாலும், புல் வெட்டக் கிளம்பினாலும், "நீங்க சும்மா இருங்கப்பா" என்று தடுத்துவிடுவேன். இரண்டாம் மாதமே, "டிக்கெட்ட மாத்தும்மா. இனிமே நான் இங்க வரலை" என்றுவிட்டார். அம்மாவும் இல்லை, அப்பாவும் வரமாட்டார் என்றால் எனக்கு யார் இருக்கிறார்கள்? விஷயம் கேள்விப்பட்ட பாய், "போறதுன்னா கிரீஸ் வழியா போகட்டுமே. பத்து நாள் படகுல வச்சிருந்து, அப்படியே ஃப்ளைட் ஏத்தி விட்ருவோம்" என்றார்.

படகில் ஏறியதும் வேலையைப் பிரித்தார். எனக்குச் சமையல், கணவருக்கு நங்கூரம், ஏழு வயது மகள் நிலாவுக்குக் கொடி. அப்பாவிடம் மட்டும், "சார் பெரியவங்க, நீங்க சும்மா ஒக்காந்து காத்து வாங்குங்க" என்றார்.

மறுநாள் காலை நாங்களெல்லாம் கடலில் இறங்கியிருந்த நேரம், அப்பா படகுக் குழாயைத் திறந்துவிட்டு, ஊரில் குளிப்பது போலவே தலைக்கு ஊற்றிக் குளித்தார். வேட்டி, பனியன், துண்டு மூன்றையும் சோப்புப் போட்டு அலசிக் காயப்போட்டார். போதாக்குறைக்கு நான் வேறு அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களைந்திருந்தேன். குழாயைத் திருகிய நிலா, "அம்மா, நோ வாட்டர்!" என்று கத்தினாள். ஆறு பேருக்கு ஐந்து நாள் வரவேண்டிய தொட்டி அது. குடிப்பதற்கு பாட்டில் தண்ணீர் இருந்ததால் தப்பித்தோம். காற்றும் அன்று படுத்துவிட்டது. மோட்டாரைப் போட்டுப் பக்கத்துத் தீவைப் பார்த்து ஊர்ந்தோம்.

அப்பாவின் முகம் செத்துவிட்டது. இத்தனைக்கும் முப்பது வருடம் எங்கள் ஊர் நகராட்சியில் குடிநீர் திறந்துவிட்டவர். வாரத்துக்கு ஒருநாள் வரும் தண்ணீரைத் தெருத்தெருவாகப் பங்கிட்டு, சண்டை வராமல் பார்த்துக்கொண்டவர். "அந்தத் தீவுலயே என்னைய எறக்கி விட்ருங்க பாய். ஒங்களுக்கெல்லாம் நான் எடைஞ்சல்" என்றார்.

பாய் சிரிக்கவில்லை. "தப்பு எம்மேலதான் சார். எல்லாருக்கும் வேலை குடுத்துட்டு ஒங்கள மட்டும் சும்மா ஒக்கார வச்சேன். ஊருக்கே தண்ணி விட்ட ஆள கையில வச்சுக்கிட்டு!" என்றவர், அப்பாவை அழைத்துப்போய்த் தொட்டியின் வால்வைக் காட்டினார். "இனிமே நீங்க தொறந்தாத்தான் எங்களுக்குத் தண்ணி."

அவ்வளவுதான், எங்களைப் பிடித்தது சனி. தீவில் தொட்டி நிரம்பியதிலிருந்து அப்பா ராஜ்யம். காலையில் கால் மணி, மாலையில் கால் மணி திறப்பார். பாத்திரம் கடல் தண்ணீரில். என் அரிசிக்கு ஒரே ஒரு களைதல். பாய் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்ய வந்தால் மட்டும் அப்பாவே செம்பில் மொண்டு ஊற்றுவார். அங்கும் அளவுதான். "சார், ஒரு கால் பாக்கி இருக்கு" என்று பாய் கெஞ்சுவார். "ஒரு காலுக்கு இது போதும்" என்று அப்பா கால் செம்பு விடுவார். மும்தாஜ் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

பத்தாம் நாள் விமான நிலையத்தில் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "அடுத்த வருசம் பாய் எப்பப் போறாருன்னு கேட்டுச் சொல்லு. அதுக்குத் தக்கனதான் டிக்கெட் போடணும்" என்றார். அடுத்த இரண்டு கோடையும் வந்தார். வந்த அன்றே தோட்டத்துக் குழாயை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அடக்கத்தன்று பள்ளிவாசலுக்குள் பாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கிங்கில் நின்று ஊரிலிருந்த அப்பாவைக் கூப்பிட்டேன்.

"குளிப்பாட்டியாச்சாம்மா?"

"இப்பத்தான்ப்பா, உள்ள நடக்குது."

"இன்னைக்கு அளவு பாக்க வேணாம்னு சொல்லு" என்றார், குரல் உடைய. "நெறைய ஊத்தி அனுப்பச் சொல்லு."

அப்படியே அனுப்பி வைத்தோம், பாய். போய் வாருங்கள்.