யாழினியின் தாய்மாமன்

1. மார்ச் மாதம்

மற்ற மாதங்களில் நாங்களும் மனுஷிகள்தான். மார்ச் வந்துவிட்டால் பேய் பிடித்தவர்கள் போல அலைவோம்.

நான் ஏ.என்.எம்., அதாவது வீடு வீடாகப் போகிற நர்ஸ். புதுச்சேரியில் குருசுக்குப்பமும் அதை ஒட்டிய நான்கு தெருக்களும் என் ஏரியா. தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, பிள்ளை பெற்ற வீட்டுக்கு மறுநாள் போய்ப் பார்ப்பது என்று வேலை நிறைய. ஆனால் மாதாந்திர மீட்டிங்கில் எங்கள் அதிகாரி மேடம் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "கு.க. எத்தனை?" குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்வோம். அதற்குச் சம்மதிக்கும் பெண்ணுக்குப் பெயர் கேஸ். வருஷத்துக்கு இத்தனை கேஸ் என்று ஆளுக்கொரு டார்கெட், அந்த வருஷக் கணக்கு மார்ச்சோடு முடியும்.

அந்த மார்ச்சில் எனக்கு ஒரே ஒரு கேஸ் குறைந்தது.

"பிலோமினா, எல்லாரும் முடிச்சிட்டாங்க. உனக்கு மட்டும் என்னா கேடு? முப்பத்தொண்ணுக்குள்ள ஒண்ணு கொண்டாந்து நிறுத்து. இல்லன்னா ஏனாம் போறியா, மாஹே போறியா, நீயே சொல்லிடு" என்றார் மேடம்.

புதுச்சேரி அரசு ஊழியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: ஏனாம் ஆந்திராவுக்குள் இருக்கிறது, மாஹே கேரளத்துக்குள் இருக்கிறது. இரண்டும் நம் அரசாங்கம்தான், ஆனால் தூக்கி அடித்தால் குடும்பம் இரண்டாகிவிடும். என் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. வீட்டுக்கு வந்து அவனை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன்.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. தம்பதியர் பதிவேட்டில், இந்த வருஷம் யார் யார் மசிவார்கள் என்று தோன்றுகிறதோ அவர்கள் பெயருக்கு எதிரே பென்சிலில் லேசாக ஒரு டிக் போட்டு வைப்போம். ஆபரேஷன் முடிந்ததும் அதன்மேல் பேனாவால் எழுதி, கடைசிக் கட்டத்தில் 'சுயவிருப்பம்' என்று நிரப்புவோம். சம்பந்தப்பட்ட பெண்ணுக்குத் தெரியாமலே அவள் பெயர் மாதக்கணக்கில் பென்சிலில் காத்திருக்கும். யாரும் இதைத் தப்பென்று நினைத்ததில்லை. நானும் நினைக்கவில்லை.

அன்று பதிவேட்டைப் புரட்டியபோது பேனா படாமல் மிச்சமிருந்த பென்சில் டிக் ஒன்றே ஒன்று. வசந்தா, வயது இருபத்து நான்கு. கணவர் ஏழுமலை, டெம்போ டிரைவர். உயிருடன் உள்ள குழந்தைகள்: ஆண் இல்லை, பெண் ஒன்று.

2. நாலு நாள்

வசந்தா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு வயசு கலைச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, பூனையை விரட்டுகிற உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் வசந்தா அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"நர்சம்மா, பையன் வேணும்னுலாம் இவுரு கேக்கல. எனக்குத்தான், கலைக்குத் தொணையா இன்னொண்ணு இருந்தா தேவலன்னு இருக்கு. ஒரு வருசம் டைம் குடுங்க. யோசிச்சு சொல்றேன்."

நியாயமான பேச்சு. வேறு மாதமாக இருந்தால் "சரிம்மா" என்று அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன்.

"ஒண்ணே ஒண்ணு, கண்ணே கண்ணுன்னு வளத்துட்டுப் போயேன். மொத பிரசவத்துல ஒனக்கு எவ்ளோ ரத்தம் போச்சுன்னு நானும்தான பாத்தேன்? ரெண்டாவதுல ஏதாச்சும் ஆச்சுன்னா இந்தப் புள்ளைக்கு யாரு இருக்கா?" என்றேன்.

ரத்தம் போனது உண்மை. ஆனால் இன்னொரு பிள்ளை பெறக் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தே, அந்தக் குழந்தையைக் காட்டி அவளைப் பயமுறுத்தினேன். மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் ஏழுமலையை டெம்போ ஸ்டாண்டில் பிடித்து அவரையும் பயமுறுத்தினேன். அவள் கேட்டது ஒரு வருஷம். நான் கொடுத்தது நாலு நாள்.

மார்ச் முப்பதாம் தேதி வசந்தா ஆபரேஷனுக்கு வந்தாள். வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குமா நர்சம்மா?" என்று மட்டும் கேட்டாள். சாயங்காலம் பதிவேட்டில் பென்சில்மேல் பேனாவை ஓட்டி, 'சுயவிருப்பம்' என்று எழுதினேன். மேடம் டீ வாங்கிக் கொடுத்தார்.

3. தப்பா, சரியா?

கு.க. தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். ஏழாவது பிரசவத்தில் கண் செருகிப்போன ஒருத்தியை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறேன். பிழைத்து எழுந்தவள், "இனி வேணாம் நர்சம்மா, எனக்கு முடிச்சு வுட்டுடுங்க" என்று என் காலைப் பிடித்தாள். வசந்தாவின் தங்கை இரண்டு பெண் பிள்ளைகள் போதுமென்று தானாகவே கேட்டு வந்தாள். ஏழுமலையின் அண்ணன் சம்சாரமும் அப்படித்தான், அவளுக்கும் இரண்டும் பெண். அவர்களுக்கெல்லாம் அந்த ஆபரேஷன் ஒரு விடுதலை. வசந்தாவுக்கு மட்டும் அது நான் செய்த அவசரம்.

நானும் ஒன்றோடு நிறுத்திக்கொண்டவள்தான். ஊருக்கு உபதேசம் பண்ணுகிறவள் தன் வீட்டில் இரண்டு வைத்துக்கொண்டால் யார் கேட்பார்கள்? அந்த ஒற்றை மகன் இப்போது பிரான்சில் இருக்கிறான். ஞாயிறு பூசை முடிந்ததும் போன் செய்வான்.

அதற்குப் பிறகும் வசந்தா என்னைத் தெருவில் பார்த்தால் சிரிப்பாள், காபி தருவாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சண்டை போட்டிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

4. அட்டெண்டர் யார்?

ரிட்டயர் ஆன பிறகு பிரஷர் மாத்திரைக்காக மாதம் ஒருமுறை கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவேன். போன வருஷம் அங்கே எலும்பு முறிவு வார்டு வாசலில், இடுப்பில் குழந்தையும் கையில் எக்ஸ்ரே கவருமாக ஒரு பெண் நின்றிருந்தாள். மூக்கைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அப்படியே வசந்தா மூக்கு.

"கலை! என்னாடி இங்க?"

"அப்பா வழுக்கி வுழுந்துட்டாரு நர்சம்மா. இடுப்புல முறிவு. அம்மாவுக்கு சுகர், கால்ல புண்ணு, வூட்ட விட்டு நகர முடியல."

உள்ளேயிருந்து ஸ்டாஃப் நர்ஸ் எட்டிப் பார்த்தார். "ஏழுமலை அட்டெண்டர் யாரு? ரத்தம் எடுத்துட்டாங்க, சாம்பிள லேப்ல குடுக்கணும்."

"நான்தாங்க."

"பேஷண்ட் கூட யாரு இருக்கப் போறா?"

"அதுவும் நான்தாங்க."

"கூடப் பொறந்தவங்க யாரும் வரலியா?"

கலை குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை. அவள் புருஷன் பாபுவுக்குச் சென்னையில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். பக்கத்துக் கட்டில்காரருக்கு மூன்று பிள்ளைகள், யார் முதலில் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையைக் கலை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாம்பிளை இப்படிக் குடு. நீ மொதல்ல புள்ளைக்குப் பால் குடு" என்று வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு பன்னிரண்டு நாள் கோரிமேடு பஸ்தான் எனக்கு வீடு. பகலில் நான், சாயங்காலத்துக்கு மேல் கலை. ஏழுமலை என்னைப் பார்த்து, "நர்சம்மா, இன்னும் நீங்க டூட்டிலயா இருக்கீங்க?" என்று கேலி செய்கிற அளவுக்குத் தேறினார்.

டிஸ்சார்ஜ் அன்று கலை மெல்ல ஆரம்பித்தாள். குழந்தை யாழினிக்கு மயிலம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இரண்டும் செய்வது வழக்கம். கலைக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. சித்தி வீட்டிலும் பெரியப்பா வீட்டிலும் பெண்களே.

"எங்க மாமியா, 'ஒரு மாமன் கூட இல்லாத வூட்டுல பொண்ணு எடுத்துட்டோமே'ன்னு எல்லார் எதிர்லயும் சொல்றாங்க. 'பக்கத்து வூட்டுல யாரயாச்சும் புடிச்சு உக்கார வைங்க'ன்றாங்க. என் புள்ள எவனோ ஒருத்தன் மடியில உக்காரணுமா நர்சம்மா?" என்று அழுதாள்.

அந்தக் குடும்பத்தில் மாமன் பிறக்க வழியில்லாமல், மூன்று தாய்மார் பெயருக்கும் டிக் போட்டவள் நான்தானே.

5. மயிலம்

ஏழுமலை கோலை ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு, ஒருநாள் வசந்தாவே ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். கட்டுப் போட்ட காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்து, வெற்றிலை பாக்கு வைத்த தட்டை என் முன் நீட்டினாள்.

"உங்க பையன கூப்புடலாம்னு பாத்தேன். அவுரு பிரான்சுல கெடக்காரு. அதனால நீங்களே வந்துடுங்க. யாழினிக்கு நீங்கதான் மடி குடுக்கணும்."

"பைத்தியமாடி ஒனக்கு? நான் பொம்பள. அதுலயும் வேதக்காரி. எங்க மாதா கோயில்ல ஞானஸ்நானப் புள்ளைங்களுக்கு ஞானத்தாயா நின்னுருக்கேன். தாய்மாமனா எப்படி உக்காருவேன்?"

"அதெல்லாம் முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீங்க வாங்க."

தாய்மாமன் சீர் என்னவென்று தெரு முழுக்க விசாரித்தேன். பட்டுப்பாவாடை, மாலை, பழத்தட்டு, ஒரு ஜோடிக் குட்டித் தோடு எல்லாம் வாங்கிக்கொண்டு மயிலத்தில் இறங்கினேன். கலையின் மாமியார் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"பொம்பள எப்படிம்மா மாமனா உக்காருவாங்க? ஊர்ல சிரிக்க மாட்டாங்களா?"

வசந்தா குரலை உயர்த்தவில்லை. "சம்பந்தி, எம் பொண்ணுக்குத் தொணையா இன்னொண்ணு வேணும்னு நான் கேட்டேன். ஒரு வருசம் கழிச்சுப் பெத்துக்கலாம்னு இருந்தேன். வேணாம்னு என்னைக் கூட்டிட்டுப் போயி நிறுத்துனவங்க இவங்க. அது தம்பியா பொறந்திருந்தா இங்க உக்காந்திருப்பான்ல, அந்த எடத்துல இவங்கதான உக்காரணும்?"

சுற்றி நாற்பது பேர். முப்பது வருஷமாக அவள் சொல்லாத வார்த்தை. எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. அதே சமயம் ஒரு பாரம் இறங்கியது. "ஆமாம்மா, அவ சொல்றது நெஜம். தப்பு என்னுதுதான்" என்றேன். மாமியார் மணையை எடுத்து அவரே கிழக்குப் பார்த்துப் போட்டார்.

யாழினியை மடியில் வைத்தார்கள். முடி இறக்கியதும் மொட்டைத்தலை என் நெஞ்சில் சில்லென்று பட்டது. எத்தனை ஆயிரம் குழந்தைகளுக்கு ஊசி போட்ட கை இது. காது குத்தப் பத்தர் கம்பியை எடுத்ததும் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். குழந்தை அலறியது. என் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடமே ஒட்டிக்கொண்டது. நானும் சேர்ந்து அழுதேன். "மாமன் எதுக்கு அழுவுறாரு?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மாமியாரும்தான்.

இப்போது இந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளிடம் டேப்லெட் இருக்கிறது, பென்சில் இல்லை. நல்லது. எதில் எழுதினாலும் அந்தப் பெண் வாய் திறக்கும் முன் அவள் பதிலை எழுதாதீர்கள். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். அதற்கு எனக்கு முப்பது வருஷம் ஆனது.

திரும்பி வரும்போது வேனில் யாழினி என் மடியிலேயே தூங்கிவிட்டாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்த கலை குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நர்சம்மா, இவளுக்குத் தொணையா இன்னொண்ணு பெத்துக்கட்டுமா, வேணாமா? வேலையும் இருக்கு, அப்பா அம்மாவயும் பாக்கணும். நீங்களே சொல்லுங்க."

சர்வீஸ் முழுக்க இந்தக் கேள்விக்கு என் பையில் பதில் தயாராக இருக்கும். முன் சீட்டில் வசந்தா திரும்பாமல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு என்னா தோணுது?" என்றேன்.

"தெரியல. யோசிச்சு சொல்றேன்."

"யோசி, கலை. ஒரு வருசம் ஆனாலும் பரவால்ல."

முன் சீட்டிலிருந்து வசந்தா கையைப் பின்னால் நீட்டினாள். வார்டில் பிடித்தது போலவே என் கையைப் பிடித்துக்கொண்டு, புதுச்சேரி வரும்வரை விடவில்லை.