விரியில் இறங்கிய மரவளைய இயந்திரம்

ஜெயரட்ணம் எதையும் இரண்டு தரம் பார்க்கிற மனிதர். புலம்பெயர்ந்து வந்த நாட்டில், விரி என்ற ஊரின் ஒரு களஞ்சியத்தில், கப்பலில் வரும் பெட்டிகளைத் திறந்து சரிபார்க்கும் வேலை கிடைத்தபோது மனைவி ரதிதேவி, "உங்களுக்கெண்டே செய்த வேலை" என்றாள். ஒருகாலத்தில் வவுனியாச் சோதனைச் சாவடிகளில் தன் பையைக் கொட்டிக் காட்டியவர் அவர். இப்போது கொட்டிப் பார்க்கிற பக்கம் நிற்பது அவருக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருந்தது.

போன மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து ஓர் இயந்திரம் வந்தது. நூற்றைம்பது வருடப் பழசு. பீப்பாய்களைச் சுற்றி இறுக்கும் மரவளையங்களுக்காக, பிளந்த மரக்கொம்புகளை உருளைகளுக்கிடையே இழுத்துத் தட்டையாகச் சீவுவது. அதை வாங்கிய வெள்ளைக்காரக் கிழவர் நேரிலேயே வந்து நின்றார்.

"வெறும் இரும்புதான்" என்றார். யாரும் கேட்காமலே இன்னும் இரண்டு தரம் அதையே சொன்னார்.

ஜெயரட்ணத்துக்கு அது பிடிக்கவில்லை. குனிந்து பார்த்தார். உருளைகளுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. இயந்திரம் முழுக்கத் துரு. பெட்டியின் திருகாணிகள் மட்டும் பளபளத்தன. கீழே மாவு போல வெளிர்மஞ்சள் தூள் சிந்திக் கிடந்தது.

மேற்பார்வையாளர் உஷா மதுரைக்காரி. "அண்ணா, எல்லாத்துலயும் திருட்டைத் தேடாதீங்க. பேப்பர் சரியா இருக்கு."

"ஓம் பிள்ளை, பேப்பர் சரி. இந்தத் தூள் எங்கயிருந்து வந்தது?"

உஷா தூளைப் பார்த்தாள். எல்லைச் சோதனை அதிகாரிகளுக்குப் போன் செய்தாள். போதைப்பொருள் என்றே இருவரும் நினைத்தார்கள்.

பெட்டியைத் திறந்தபோது செய்தித்தாளில் சுற்றிய எட்டு மரவளையங்கள் இருந்தன, மரப்பட்டை உரிக்காதவை. அதிகாரி ஒன்றைக் கத்தியால் கீற, உயிருள்ள புழு நெளிந்தது. தூள் அது அரித்த மரம்தான்.

கிழவரின் முகம் சிவந்தது. "இந்த இயந்திரம் சீவிய வளையங்களில் மிஞ்சியவை இவ்வளவுதான். எரித்துவிடுவீர்கள் என்று பயந்தேன்."

எரிக்கவில்லை. புழு அரித்த மூன்றை மட்டும் அழித்து, மற்றவற்றைச் சூடேற்றிப் பதப்படுத்தினார்கள். முன்பே சொல்லியிருந்தால் கிழவருக்கு விழுந்த அபராதமும் இருந்திராது.

இரண்டு வாரம் கழித்துக் கிழவர் வந்து ஐந்து வளையங்களையும் மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஜெயரட்ணம் பக்கம் திரும்பவேயில்லை.

"கோவிக்கிறார் போல" என்றார் ஜெயரட்ணம்.

"கோவிக்கட்டும். அந்தப் புழு வெளிய பரவியிருந்தா இங்க மரமெல்லாம் போயிருக்கும். ஒரு காட்டையே காப்பாத்தியிருக்கீங்க" என்றாள் உஷா.

அவர் அதையும் முழுதாக நம்பவில்லை. அடுத்த பெட்டிக்குப் போனார்.