வெள்ளவத்தை விடுதியில் என் முதல் வேலை

எங்கேனும் மேசைமணி 'டிங்' என்றால் இன்றும் வாய் கசக்கும்.

யுத்தகாலத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்குக் கொழும்பு வெள்ளவத்தை விடுதியொன்றில் வரவேற்பாளர் வேலை கிடைத்தது. "இது உங்கட வீடு மாதிரி, மகள். சிரிச்ச முகமா இருந்தாப் போதும்," என்றார் முதலாளி.

முதல் கிழமையே, மேசைமணியை 'டிங்' என்று தட்டிக்கொண்டு பொலிஸ் சோதனைக்கு வந்தது. மேசைக்கு முன்னால் பூச்சாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி; அந்த நாளில் அதுவே சந்தேகத்துக்குப் போதும்.

"யார் இவள்?" என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியாது மாத்தயா. இப்பதான் அறை கேட்டு வந்தவள்," என்றார், அதே சிங்களத்தில், அதே சிரித்த முகத்தோடு.

பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் விடியும்வரை இருந்தேன். பொலிஸைவிட முதலாளிமேல்தான் எனக்கு ஆத்திரம். விட்டதும் விடுதியில் கிடந்த என் கைப்பையை எடுக்கப் போனேன்.

"பயந்திட்டன், மகள். நாளைக்கு நேரத்தோட வாங்கோ," என்றார் முதலாளி.

"என்னை உங்களுக்குத் தெரியாது, அங்கிள்."