முதல் வரியில் இருந்த பெயர்

எங்கள் ராக் இசை இதழுக்குப் பெயர் தேடிய அந்த வெயில் காலத்தில் நண்பனுக்கு இடது காது முழுக்கப் போயிருந்தது. வலது காதில் மட்டும் கொஞ்சம் மீதி. ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவன். கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே நின்று, தின்று, அதன் நிழலிலேயே தூங்கியவன். அதற்கு முன்னால், கல்லூரி நாளில், எங்கள் குழுவில் கிட்டார் வாசித்தான். நான் பாட்டு எழுதினேன். வீடுகளில் விரட்டுவார்கள் என்று பனமரத்துப்பட்டி ஏரிக்கரைக்குப் போவோம். நாங்கள் ஆரம்பித்ததும் கொக்குகள் எழுந்து போய்விடும்.

சேலத்து டாக்டர் மீதிக் காது இந்த வருடத்தைத் தாண்டாது என்று சொல்லியிருந்தார்.

"அதுக்குள்ள நம்ம பக்கத்துப் பசங்க வாசிக்கறதை எல்லாம் கேட்டு எழுதிப் போடோணும் மாப்ள. காயிதத்துல. போன்ல போட்டா அதுவும் சத்தமாட்டக் காத்துல போயிரும்" என்றான். ஒரே ஓர் இதழாவது. அவன் கேட்க வேண்டும், அவன் எழுத வேண்டும், நான் திருத்த வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது.

பெயர்தான் வரவில்லை. சேந்தமங்கலத்தில் அவன் வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, ஞாயிறு ஞாயிறாகப் பெயர்களை எழுதினோம், அடித்தோம். கொல்லிமலை எங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றது.

"இரைச்சல்" என்றேன் ஒருநாள்.

"அது எங்காதுக்குள்ள ராப்பகலா ஓடிட்டுதான் கெடக்குது. நீ வேற புதுசா எதுக்கு?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி, "ஏனுங்க, ஏதாச்சும் ஒண்ணை வெய்யுங்க. பெத்த புள்ளைக்குப் பேரு வெக்கறப்பகூட நீங்க இத்தனை ரோசனை பண்ணலீங்க" என்றார்.

கடைசியில் இரைச்சல்தான் ஒட்டிக்கொண்டது. "என்னோடதுதான, வெச்சுக்கலாம்" என்றான்.

அரசாங்கத்தில் இதழைப் பதிவு செய்ய ஒரு பெயர் போதாது. விருப்ப வரிசையில் சில பெயர்கள் கேட்பார்கள். இரைச்சல், அறுந்த கம்பி, ஏரிக்கரை என்று ஒரு தாளில் அவனே எழுதி எடுத்து வந்தான். நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். அங்கே டைப் செய்கிற பெண் தாளைப் பார்த்தாள். அவன் வலது காதைக் காட்டிக் குனிந்தான்.

"ஏனுங்ணா, மேல இருக்கறதுதான் மொதலுங்களா?"

"ஆமா சாமி. எப்பவும் அதான் மொதல்ல."

தட்டி முடித்ததும் என்னைச் சரிபார்க்கச் சொன்னாள். செவ்வாய்ப்பேட்டை அச்சகம் ஒன்றில் கல்யாண அழைப்பிதழ்களுக்குப் பிழை பார்ப்பதுதான் என் பிழைப்பு. திரையில் கண்ணை ஓட்டினேன். ஒற்று, கொம்பு, கால், எல்லாம் சரி. "அனுப்பலாம்மா" என்றேன்.

சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. எங்கள் இதழின் பெயர்: ஸ்ரீ அங்காளம்மன் துணை.

எந்தத் தாளானாலும் உச்சியில் குலதெய்வத்தை எழுதாமல் அவன் கை கீழே இறங்காது. மளிகைச் சீட்டில் அந்த வரி இருக்கும். கிட்டார் கம்பி வாங்கிவரச் சொல்லி எனக்குக் கொடுத்த சீட்டிலும் இருந்தது. டைப் செய்த பெண் அதையே முதல் பெயராகத் தட்டியிருந்தாள். நானோ இத்தனை வருடத்தில் எந்த அழைப்பிதழிலும் அந்த மேல்வரியைப் படித்ததில்லை. எல்லாவற்றிலும் இருப்பதால் கண் அதற்கு அடுத்த வரியில்தான் முழிக்கும். சாமி இல்லை என்று பக்கம் பக்கமாகக் கவிதை எழுதியவன் நான். கண்முன்னால் திரையில் இருந்த அம்மனையும் இல்லாதவளாகவே பார்த்திருக்கிறேன்.

வலது காதில் கத்திச் சொன்னேன். அவன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். "கிட்டார் பசங்க எல்லாம் கும்பாபிஷேக மலர்னு நெனச்சுக்குவானுங்க!" பிறகு சிரிப்பு நின்றது.

"இந்தப் பேர் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு மறுபடி அனுப்புவோம்டா" என்றேன்.

"ஆத்தா பேரை நாமளே கேட்டு வாங்கிப்போட்டு, வேண்டாம்னு எங்கையில எப்படி மாப்ள எழுதறது? நீ எழுது."

எழுதினேன். விண்ணப்பம் அவன் பெயரில். கையெழுத்து அவனுடையது வேண்டும். தாள் அவன் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் செருகிக் கிடந்தது. போகும்போதெல்லாம் அதன் ஓரம் தெரியும். கேட்கமாட்டேன். அவனும் பேச்சை எடுக்கமாட்டான். அந்தப் பெயரில் அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெயரைக் கைவிட அவனுக்கு மனம் வரவில்லை. அதற்குள் ஐப்பசி வந்தது. ஒரு மழை நாளில் ராசிபுரத்துப் பசங்களின் புதுப் பாட்டைப் போனில் வைத்துக் காதோடு பிடித்தேன். டிரம்ஸ் என் கையிலேயே அதிர்ந்தது. பாட்டு பாதிக்கு மேல் ஓடியிருக்கும்.

"ஆரம்பிச்சுருச்சா?" என்றான்.

போன வாரம் போயிருந்தேன். இப்போது எழுதித்தான் பேச்சு. நோட்டில் எழுதிக் காட்டினேன்: வேறு பேர் சொல்லு, இன்னொரு தடவை அனுப்பலாம்.

பேனாவை வாங்கினான். புதுப் பக்கம் திருப்பினான். உச்சியில், நடுவில், அந்த வரியை எழுதினான். அதற்குக் கீழே பேனாவை ஊன்றியபடி வெகுநேரம் இருந்தான். மை ஒரு புள்ளியாக ஊறிப் பெரிதானது. அப்புறம் பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகினான்.